மணி கேட்டால் கொப்பி திறக்கும்

நல்லூரில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். அரச வேலையில் பதவி உயர்வுக்குத் தாண்ட வேண்டிய வினைத்திறன்காண் தடைப் பரீட்சையில் ஒரு பாடம் மட்டும் மிச்சம் கிடக்கிறது. "இண்டைக்குப் படிப்பம் எண்டுதான் ஒவ்வொரு நாளும் வேலையால வாறன். தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போனை எடுத்தால் ஒன்பது மணியாகுது. எனக்கு மனவுறுதி காணாதோ?"

மனவுறுதி காணும், தங்கச்சி. "இன்றைக்குப் படிப்பேன்" என்ற வசனத்தில்தான் குறை.

நம்மை நாமே வழிநடத்தும் இந்தத் திறனைச் சுயதலைமைத்துவம் என்பார்கள். அமெரிக்க முகாமைத்துவ ஆய்வாளர் சார்ள்ஸ் மான்ஸ் 1986 இல் இதை விரிவான கோட்பாடாக எழுதினார். இலக்கு வைத்தல், தன்னைத் தானே கவனித்தல், வேலையில் பிடித்த பகுதியைத் தேடிக்கொள்ளுதல், மனதுக்குள் ஓடும் பேச்சைத் திருத்துதல் எல்லாம் அதில் அடங்கும். அலுவலகப் பயிற்சிகளில் கேட்டிருப்பீர்கள். இலக்குக்கும் கைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

ஜெர்மன் உளவியலாளர் பீற்றர் கொல்விற்சர் மாணவரிடம் ஒரு சிறு வேலை கொடுத்தார். நத்தாருக்கு முந்தின நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று அடுத்த 48 மணித்தியாலத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு பகுதியினர் எப்போது, எங்கே இருந்து எழுதுவோம் என்பதையும் முன்கூட்டியே குறித்தார்கள். குறிக்காதவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகமானோர் அவர்களில் எழுதி முடித்தார்கள். 2006 இல் அவரும் உளவியலாளர் பாஸ்கல் ஷீரனும் இத்தகைய 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பலன் தெளிவாகவே தெரிந்தது.

ஏன்? யாழ்ப்பாணத்தில் வவுனியா பஸ் ஏறி நித்திரையாகிப்போன ஒருவரை நினையுங்கள். கொடிகாமம், பளை, பரந்தன் என்று நடத்துநர் கத்திக்கொண்டே வருகிறார். கண் திறக்கவில்லை. "கிளிநொச்சி" என்றதும் மனிதர் பையைப் பிடித்தபடி எழும்பி நிற்கிறார். காதில் விழுந்த சத்தம் எல்லாம் ஒரே அளவுதான். ஆனால் எந்தச் சொல்லுக்கு எழும்ப வேண்டும் என்பது ஏறும்போதே முடிவாகிவிட்டது.

"இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்" என்று எழுதும்போதும் இதுதான் நடக்கிறது. அந்த "இன்னது" நினைவின் மேல்தட்டுக்கு வந்துவிடுகிறது. வேறு வேலையில் இருந்தாலும் கண்ணில், காதில் பட்டுவிடும். பட்டவுடன் அதோடு முடிச்சுப் போட்ட செயல் கிட்டத்தட்டத் தானாகவே தொடங்குகிறது. "செய்வமா, விடுவமா" என்ற வழக்காடல் அங்கே இல்லை. களைத்து வீடு வரும் மனிதர் தோற்பது அந்த வழக்கில்தானே! மூளைப் படமெடுத்துப் பார்த்தவர்களும் இதற்குப் பொருந்துவதையே கண்டார்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில், வெறும் இலக்கோடு செயற்படும்போது வெளிப்பக்கமும் இப்படிப்பட்ட திட்டத்தோடு செயற்படும்போது உட்பக்கமும் கூடுதலாக இயங்கின. என்னைப் பொறுத்தவரை உளவியலில் இதைவிட அழகான பொறிமுறை கிடையாது.

பதவி உயர்வு எப்போது என்று சாத்திரியாரிடம் சாதகக் குறிப்பைக் கொண்டு ஓடுகிறவர்களைப் பார்க்க எனக்கு மனம் கொதிக்கிறது. சனி மாறும்வரை பொறு என்ற பதில், சொந்தக் கையில் இருப்பதையும் பறித்துவிடுகிறது. இந்தச் சோதனைகளை எங்கள் உத்தியோகத்தர்களிடமும் ஆசிரியர்களிடமும் தமிழில் செய்து பார்க்க ஒரு கொப்பி, ஒரு பேனா, சில மாத உழைப்புப் போதும். அந்தச் சிறு செலவுக்கும் எங்கள் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும்.

நீங்கள் இருப்பது நல்லூரில். நேரம் பிசகாத அந்தக் கோயில் மணியைவிட நல்ல அடையாளம் கிடைக்குமா? "மாலைப் பூசை மணி கேட்டால், மேசையில் இருந்து போன வருட வினாத்தாளின் முதல் கேள்வியை எழுதுவேன்." இதைக் கையால் எழுதித் தேத்தண்ணிப் போத்தலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். முதல் நாளே வினாத்தாளும் பேனாவும் மேசையில் இருக்கட்டும். "போன் பார்க்கமாட்டேன்" என்று மட்டும் எழுத வேண்டாம். மறுத்து எழுதும் திட்டம் விட நினைக்கும் பழக்கத்தையே நினைவூட்டி வலுப்படுத்துவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "போனுக்குக் கை போனால், அதைச் சாமியறைத் தட்டில் வைத்துவிட்டு வருவேன்" என்று எழுதுங்கள்.