‘வேலை செய்யுது சார்’ என்றால் போதாது

மறுபடியும் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு, மறுபடியும் அதே பேச்சு: “சார், எங்க சர்க்யூட் போர்டு நல்லா வேலை செய்யுது. நீங்க இதே மாதிரி 10,000 போர்டு போட்டுக் கொடுத்தா போதும்.” சென்சார் அருமை, ஆய்வுக் கட்டுரையும் வெளிவந்துவிட்டது. ஆனால் எங்கள் தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் ஏற்றிய முதல் பேனலிலேயே (பல போர்டுகள் சேர்ந்த ஒரே தகடு) கனெக்டரின் பிளாஸ்டிக் இளகி வளைந்து, அதன் பின்கள் போர்டைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன.

பாகங்களைப் போர்டில் பற்றவைக்க ஆய்வகத்தில் கையால் வைத்தது 63/37 ஈயச் சால்டர் (வெள்ளீயம் 63, ஈயம் 37 சதவீதம்). 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நாங்கள் போடுவது ஈயமில்லாத எஸ்ஏசி305. அது உருகத் தொடங்குவதே 217-இல். சால்டரை உருக்கிப் பிடிக்கவைக்கும் ரீஃப்ளோ ஓவனில் சூடு 240 வரை போகும். அந்தச் சூட்டை முழுப் போர்டும் தாங்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் ஈயச் சால்டருக்கு 2006 ஜூலையிலேயே தடை வந்துவிட்டது. பல ஆய்வக மேசைகளுக்கு அந்தச் சேதி இன்னும் போகவில்லை போல!

சரி, கனெக்டரை மாற்றிவிடலாம். மாற்ற முடியாதது, தொழிற்சாலையை ஜெராக்ஸ் மெஷினாக நினைக்கும் நினைப்பு. உங்கள் மேசையில் ஓடும் அந்த ஒரு போர்டை யோசித்துப் பாருங்கள். ட்ரிம்மரை (திருகி மாற்றும் குட்டி ரெசிஸ்டர்) திருகி அளவைச் சரிசெய்தது யார்? சந்தேகமான இணைப்பில் இன்னொரு சொட்டுச் சால்டர் வைத்தது யார்? மாணவர்தான். லைனில் அவர் இல்லை. ரெசிஸ்டர் ஒரு பேட்ச், சிப் இன்னொரு பேட்ச் என்று வரும். ஒவ்வொன்றின் மதிப்பும் அதன் டாலரன்ஸுக்குள், அதாவது அனுமதித்த ஏற்ற இறக்கத்துக்குள், எங்கே வேண்டுமானாலும் விழும். ஒரு போர்டில் 500 சால்டர் இணைப்புகள் என்று வையுங்கள். 10,000 இணைப்புகளுக்கு ஒன்று கெட்டாலே, நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து போர்டு போச்சு. ஒன்று ஓடியது என்பது எனக்கு எதையும் சொல்லவில்லை. நூறு போர்டில் எத்தனை, எதனால் விழுந்தன என்பதுதான் தகவல். (எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஈல்டு எண்ணை, அதாவது நூற்றுக்கு எத்தனை போர்டு தேறியது என்பதை, கேட்டால் பரம ரகசியம் என்பார்கள். அதைப் பகிராமல் கூட்டு ஆய்வு எப்படி நடக்கும்?)

அதனால், சர்க்யூட் வரையும்போதே அசெம்பிளி எஞ்சினியரைக் கூப்பிடுங்கள். போர்டு முடிந்தபிறகு அல்ல. ஈரப்பத நிலை 3 (ஈரத்தை எவ்வளவு தாங்கும் என்ற தரக்குறி) என்று குறித்த சிப் பையைத் திறந்தால், சாதாரண அறைச் சூழலில் 168 மணி நேரம்தான் கெடு. டிராயரில் மாதக்கணக்கில் கிடந்ததை அப்படியே அனுப்பாதீர்கள். உள்ளே ஏறிய ஈரம் ஓவனில் ஆவியாகி சிப்பைப் பிளந்துவிடும். மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டுங்கள். உடலில் சேரும் நிலைமின்சாரத்தில் உங்களுக்கு உறைக்காத சில நூறு வோல்ட்டே சில சிப்புகளுக்கு எமன். கட்டுரை அனுப்பும் முன் காப்புரிமைக்கு விண்ணப்பியுங்கள். ஐரோப்பாவில் உங்கள் சொந்தக் கட்டுரையே உங்கள் காப்புரிமையைக் கெடுத்துவிடும்.

பேராசிரியர்களே, உங்களிடம் ஒரு கெஞ்சல். ஆய்வேடு எழுத உட்காரும் முன் மாணவரைச் சில வாரம் லைனுக்கு அனுப்புங்கள். பழுதான போர்டுகளைச் சரிசெய்யும் ரிவொர்க் மேசையில் உட்காரட்டும். டெஸ்ட் பாயின்ட் (மீட்டரை வைத்து அளக்கும் புள்ளி) வைக்காத போர்டில் பழுது தேடிப் பார்த்தவர், அடுத்த டிசைனில் நான் கேட்காமலே வைப்பார்.