பிறந்த பிள்ளை நன்றாக இருக்கும்போதே ரத்தப் பரிசோதனைக்கென்று ஏன் குதிகாலில் குத்துகிறோம்?

பாக்டீரியாவை வளர்த்து ஒரு பரம்பரை நோயைக் கண்டுபிடிக்க வழி செய்தவர் ராபர்ட் கத்ரி. அமெரிக்காவின் பஃபலோ நகரில் புற்றுநோய் ஆராய்ச்சியில் இருந்த நுண்ணுயிரியலாளர். அவருடைய மகன் ஒருவனுக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடு இருந்தது. அதனால் அவருடைய கவனம் இந்தப் பக்கம் திரும்பியது. பிறகு மனைவியின் சகோதரி மகளுக்கு ‘பினைல்கீட்டோனூரியா’ இருப்பது தெரியவந்தது. அதற்குள் குழந்தைக்கு ஒரு வயது தாண்டிவிட்டது, மூளையும் பாதிக்கப்பட்டுவிட்டது.

இந்த நோயை எங்கள் பேச்சில் பி.கே.யூ. என்போம். புரதத்தில் உள்ள பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றும் நொதி கல்லீரலில் சரியாக வேலை செய்யாது. அதனால் அந்த அமிலம் ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். 1934இல் நார்வே மருத்துவர் ஃபோலிங் இந்த நோயை அடையாளம் கண்டார். 1950களின் தொடக்கத்தில் பர்மிங்ஹாமில் பிக்கெலும் சகாக்களும் பினைல்அலனினை வடித்தெடுத்த பால்மாவை ஷீலா என்ற சிறுமிக்குக் கொடுத்தார்கள். நிலைமை தேறியது. அம்மாவுக்கே சொல்லாமல் உணவில் பினைல்அலனினைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தபோது மறுபடி மோசமானது. (இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு ஒப்புக்கொள்ளாது.) மரபணுவில் வந்த நோயைச் சாப்பாட்டால் அடக்கலாம் என்பது உறுதியாயிற்று. ஆனால் ஷீலாவுக்கு ஏற்கெனவே கெட்டது திரும்பி வரவில்லை. அறிகுறி தெரிவதற்கு முன்பே பிடிக்க வேண்டும். அதற்கு வழி இல்லாமல் இருந்தது.

கத்ரி செய்தது இதுதான். ஒரு தட்டில் அகார் கூழ், அதில் பேசில்லஸ் சப்டிலிஸ் கிருமி, கூடவே அந்தக் கிருமியை வளரவிடாத ஒரு வேதிப்பொருள். குழந்தையின் ரத்தம் காய்ந்த தாளிலிருந்து சின்ன வட்டம் வெட்டி அதன்மேல் வைப்பார். ரத்தத்தில் பினைல்அலனின் அதிகமானால் அது தடையை முறியடித்துவிடும். தாளைச் சுற்றிக் கிருமி வளையமாக வளரும். வளையம் எவ்வளவு பெரியதோ, அளவும் அவ்வளவு. ரத்தம் தாளில் காய்ந்துவிடுவதால் தபாலிலேயே அனுப்பலாம். 1963 வாக்கில் அமெரிக்காவின் 29 மாநிலங்களில் 4 லட்சம் குழந்தைகளைச் சோதித்து 39 பேரைக் கண்டுபிடித்தார்கள். 1980களில் இந்த நொதிக்கான மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அது 12ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இன்று அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் தெரியும். பினைல்அலனினைக் குறைக்கும் மாத்திரை யாருக்குப் பலன் தரும் என்று ஊகிக்க அது உதவுகிறது.

கிருமித் தட்டின் இடத்துக்கு இப்போது இயந்திரம் வந்துவிட்டது. தாளும் ரத்தப்பொட்டும் அப்படியேதான் இருக்கின்றன. குதிகாலின் ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டைத் தாளின் வட்டத்தில் ஊறவிடுவோம். மறுபக்கமும் நனைந்திருக்க வேண்டும். பிறகு வெயில் படாமல் சில மணி நேரம் காயவிடுவோம். குழந்தை ஒரு நிமிடம் அழும், அப்புறம் பால் குடித்துத் தூங்கிவிடும். பிறந்த 48 மணி நேரத்துக்குப் பிறகு எடுப்பது நல்லது. பால் குடித்த பின்தான் பினைல்அலனின் ஏறும். சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆனால், எந்தத் தேதியில் திரும்ப வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பி.கே.யூ. அரிது. அதே பொட்டில் பார்க்கும் தைராய்டு குறைபாடு அரிதல்ல. தினம் ஒரு சின்ன மாத்திரையில் சரியாகப் போகிற விஷயம். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் இந்தப் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்தால், ஒரே பழுதான மரபணு இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடும். அப்படி இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

பி.கே.யூ. உறுதியானால் வீட்டில் பெரிய சண்டையே பாலை வைத்துத்தான். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்ல மாட்டோம், அளவோடுதான் கொடுக்கச் சொல்வோம். வளர்ந்தபின் பருப்பு, முட்டை, மீன், கறி கிடையாது. உளுந்து சேர்வதால் இட்லியும் தோசையும் கணக்கில் வரும். சோறும் அளந்துதான். ஜவ்வரிசியும் மரவள்ளியும் கைகொடுக்கும். மீதிப் புரதத்துக்குத் தனி மாவு இருக்கிறது, விலை அதிகம்தான். அதை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். பெண் குழந்தையாக இருந்தால் பிற்காலத்தில் கருத்தரிப்பதற்கு முன்பே கட்டுப்பாடு கடுமையாக வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளையும் இதயமும் பாதிக்கப்படும்.

இன்னொன்று. பரிசோதனை அட்டையில் போன் நம்பரைச் சரியாக எழுதுங்கள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தால் இரண்டு வீட்டு நம்பரும் கொடுங்கள். ஆய்வகத்திலிருந்து ‘மறுபடி ரத்தம் வேண்டும்’ என்று அழைத்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் இரண்டாவது முறை சரியாகவே வரும். ஆனால் நல்ல நாள் பார்க்காமல் அன்றே வாருங்கள்.