மிஸ்ட்ல நின்னுகிட்டே மொத்த ரோட்டையும் சொல்ல முடியுமா?

குன்னூர் பஸ் பர்லியாறு தாண்டினதும் மிஸ்ட் இறங்கிடுச்சு, முன்னாடி நாலடி ரோடுதான் தெரியுது, டிரைவர் அண்ணன் மட்டும் அசால்ட்டா வளைக்கிறாரு. அவருக்கு ரோடு மனப்பாடம். ஆனா கணக்குல வர்ற சில ஃபங்ஷனுக்கு (எக்ஸைக் குடுத்தா ஒரு மதிப்பு தர்ற விதி) மனப்பாடமே வேணாம், ஒரே புள்ளியில நின்னு உயரம் எவ்ளோ, சரிவு எவ்ளோ, அந்த சரிவு எவ்ளோ வேகமா மாறுது, அந்த வேகம் எப்படி மாறுதுன்னு அளந்துகிட்டே போனா மொத்த ரோடும் கைக்கு வந்துடும். இதுக்குப் பேர்தான் டெய்லர் தொடர்.

சைனை எடுத்துக்கோங்க. 0ல நின்னு திரும்பத் திரும்ப டிஃபரன்ஷியேட் பண்ணா (அதாவது சரிவு, சரிவோட சரிவுன்னு எடுத்துகிட்டே போனா), உயரத்துல ஆரம்பிச்சு 0, 1, 0, −1னு சுத்திகிட்டே இருக்கும். இந்த எண்களை வரிசையா 1, எக்ஸ், எக்ஸ்², எக்ஸ்³னு பெருக்கிக் கூட்டுறதுதான் தொடர், ஒவ்வொண்ணும் ஒரு டெர்ம். எக்ஸ்³ஐ மூணு தடவை டிஃபரன்ஷியேட் பண்ணா 3×2×1 = 6 வெளிய வருமே, அதான் அந்த டெர்மை 6ஆல வகுக்கிறோம், அஞ்சாவதை 120ஆல. 0.5 ரேடியனுக்கு 0.5 − 0.5³/6 + 0.5⁵/120 போட்டா 0.479427, நிஜ விடை 0.479426. மூணே டெர்ம்! (1715ல டெய்லர் பொதுவா எழுதுறதுக்கு முன்னாடியே, 14ஆம் நூற்றாண்டு வாக்குல கேரளாவுல மாதவன்னு ஒரு கணித மேதை இந்த சைன் தொடரைக் கண்டுபிடிச்சுட்டாரு, நம்ம ஸ்கூல்ல யாரும் சொல்லல.)

சரி, தூரமா போனா? சைனோட எந்த சரிவும் 1ஐத் தாண்டாது, அதனால எக்ஸ் 10ஆ இருந்தாலும் 30ஆவது இடத்துல மிஞ்சுற பிழை 10³⁰ஐ 30 ஃபேக்டோரியலால (30×29×…×1) வகுத்ததுக்கு மேல போகாது, அது 0.004கூட இல்ல. அடுக்கு எவ்ளோ ஓடினாலும் ஃபேக்டோரியல் முந்திடும்.

எல்லா ஃபங்ஷனும் இப்படி சொன்ன பேச்சு கேக்காது. 1/(1+எக்ஸ்²)க்கு தொடர் 1 − எக்ஸ்² + எக்ஸ்⁴ − … 0.5ல சமத்தா 0.8க்கு வந்துடும், 2ல 1 − 4 + 16 − 64னு தறிகெட்டு ஓடும். இத்தனைக்கும் 2ல ஃபங்ஷன் சாதாரணமா 1/5தான், வரைஞ்சு பாத்தா ஒரு குழிகூட இல்ல. வில்லன் ரோட்டுலயே இல்லைங்க, பக்கவாட்டுல கற்பனை எண் பக்கம் இருக்கான். ‘ஐ’ங்கிற (i) கற்பனை எண்ணை வர்க்கப்படுத்தினா −1, அதை எக்ஸா போட்டா 1+எக்ஸ்² 0 ஆயிடும், அங்க கிடுகிடு பள்ளம். 0ல இருந்து அது 1 தூரத்துல இருக்கு, அதனால தொடரும் அந்த 1 தூரம் வரைக்கும்தான். மிஸ்ட்ல பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, தொடருக்குத் தெரிஞ்சிருக்கு.

இன்னொண்ணு இதைவிட மோசம். ஈ-யோட (e, அதாவது 2.718…) அடுக்குல −1/எக்ஸ்² போட்டு, 0ல மட்டும் மதிப்பு 0ன்னு வெச்சுக்கோங்க. 0ல உயரம் 0, சரிவு 0, எத்தனை தடவை டிஃபரன்ஷியேட் பண்ணாலும் 0, ஏன்னா 0.1லகூட அதோட மதிப்பு தசமப்புள்ளிக்கு அப்புறம் 43 பூஜ்யம் தாண்டித்தான் தலையைக் காட்டும். தொடர் ‘சமதரை’ன்னு சொல்லும், ரோடு என்னவோ ஏறிகிட்டு இருக்கும். ஐ திசையில 0ஐ நெருங்குங்க, மைனஸ் ப்ளஸ்ஸா மாறி மதிப்பு எகிறிடும், அதாவது இந்தத் தடவை பள்ளம் நம்ம காலுக்குக் கீழேயே.