நினைவிடத்தை மூடவைத்த இறங்குதுறை

ஹவாயின் பேர்ல் ஹார்பரில் இருக்கும் யுஎஸ்எஸ் அரிசோனா நினைவிடத்தில் 2018 மே மாதத்திலிருந்து 2019 ஆகஸ்ட் முடியும்வரை பொதுமக்கள் யாரும் இறங்க முடியவில்லை. நினைவிடத்தின் கட்டுமானத்தில் பெரிய பழுது எதுவும் இல்லை. பழுதானது அதன் வாசலில் மிதந்துகொண்டிருந்த படகு இறங்குதுறையைப் பிடித்து நிறுத்தும் நங்கூர அமைப்பு. இறங்குதுறைகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். வரலாற்றுச் சின்னங்களை நிர்வகிப்பவர்களிடம் பேசும்போதெல்லாம் நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்த நிகழ்வைத்தான்.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் நடத்திய தாக்குதலில் அரிசோனா என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் மூழ்கியது; அதில் இருந்த 1,177 பேர் இறந்தார்கள். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உடல்கள் இன்றும் கப்பலுக்குள்ளேதான் இருக்கின்றன. 1962இல் திறக்கப்பட்ட நினைவிடத்தை வடிவமைத்தவர் ஆல்ஃபிரட் பிரெய்ஸ். 184 அடி நீளமுள்ள அந்த வெள்ளைக் கட்டடம், மூழ்கிய கப்பலின் குறுக்கே, அதைத் தொடாமல் நிற்கிறது. கட்டும்போது பணம் போதவில்லை; 1961இல் எல்விஸ் பிரெஸ்லி கச்சேரி நடத்தி நிதி திரட்டிக் கொடுத்தார். நினைவிடம் எழுப்ப இப்படி ஆள் கிடைப்பார்கள். நங்கூரச் சங்கிலியை மாற்றுவதற்குக் கச்சேரி நடத்த யார் வரப்போகிறார்கள்?

கரையிலிருந்து அங்கே போகப் பாலம் கிடையாது. கடற்படையின் படகில்தான் போக வேண்டும். ஏறத்தாழ 150 பேர் ஏறக்கூடிய படகு, வழக்கமான நாள்களில் கால் மணி நேரத்துக்கு ஒன்றாகப் புறப்படும். படகு ஒவ்வொரு முறை அணையும்போதும் இறங்குதுறை ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. விலகும்போது மறுபக்கம் இழுபடுகிறது. ஹவாயில் ஓதத்தின், அதாவது கடல்மட்டத்தின், ஏற்ற இறக்கம் குறைவு, அதனால் மிதவைக்கு (மிதக்கும் இறங்குதுறைக்கு) ஆபத்தில்லை என்று நினைக்கத் தோன்றும். மிதவையை மேலும் கீழும் அசைப்பதோடு ஓதம் நின்றுவிடுகிறது. பக்கவாட்டில் உலுக்குவது படகு. நங்கூரம் தளர்ந்த மிதவை பக்கவாட்டில் நகர நகர, அதையும் கட்டடத்தையும் இணைக்கும் சாய்தளம் முறுக்கப்படுகிறது. முறுக்கும் விசை கடைசியில் கட்டடத்தில் போய் இறங்குகிறது. அரிசோனாவிலும் அதுவே நடந்தது. பயணிகள் இறங்கும் இடத்தில், கட்டடத்தின் வெளிப்புறத்தில் ஏற்பட்ட சிறு சேதத்தை, நினைவிடத்தைப் பார்த்துக்கொள்ளும் தேசியப் பூங்காத் துறையின் ரேஞ்சர்கள் கவனித்தார்கள். அன்றே படகுகள் நிறுத்தப்பட்டன. நான் அதைப் பாராட்டுகிறேன். கூட்டம் குறையட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் நிர்வாகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழுதுபார்த்தபோது கடலடி மண்ணுக்குள் திருகு நங்கூரங்களை இறக்கி, செயற்கை இழைக் கயிறுகளால் மிதவையைப் பிணைத்தார்கள். திருகு நங்கூரம் என்பது சுருள் தகடு பொருத்திய நீண்ட எஃகுத் தண்டு. சுழற்றச் சுழற்ற மண்ணுக்குள் இறங்கும். சம்மட்டியடி கிடையாது, அதனால் அதிர்வும் குறைவு. நூற்றுக்கணக்கானோர் உறங்கும் கப்பலுக்குப் பக்கத்தில் செய்யும் வேலைக்கு இது பொருத்தமான முறை. கயிற்றிலும் ஒரு நன்மை உண்டு. கனத்த சங்கிலி கடலடியில் புரண்டு மண்ணை அரிக்கும். கண்ணியோடு கண்ணி உரசித் தேயும். தேய்வு பெரும்பாலும் இரண்டு கண்ணிகள் தொடும் வளைவில்தான் இருக்கும். துருவைச் சுரண்டிவிட்டு அளவுகோலால் அங்கே அளக்காத அறிக்கையை நான் ஏற்பதில்லை. தண்ணீருக்கு மேலே தெரியும் கண்ணிகளைப் படம்பிடித்து ‘நல்ல நிலை’ என்று எழுதித் தரும் அறிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை.

கண்ணில் படாத அடிப்பகுதியால் கரையிலும் முன்பே சிக்கல் வந்திருக்கிறது. 1980இல் திறந்த பார்வையாளர் மையம் கடலைத் தூர்த்த நிலத்தில் கட்டப்பட்டது. மண் அமிழ, கட்டடமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வந்த கூட்டமோ எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். கடைசியில் வேறு மையமே கட்டி 2010 டிசம்பர் 7 அன்று திறந்தார்கள்.

சின்னத்தைப் பராமரிக்க ஒதுக்கும் தொகையில் இறங்குதுறை, சாய்தளம், கழிப்பறை ஆகியவற்றை ‘இதர செலவு’ என்ற தலைப்புக்குள் தள்ளிவிடுவது எங்கும் உள்ள வழக்கம். நான் கேட்பது இதுதான்: இறங்குதுறைக்குத் தனிப் பதிவேடு வையுங்கள். முக்குளிப்பவர் எந்த நங்கூரத்தைத் தொட்டுப் பார்த்தார், எந்தக் கண்ணி எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது என்று அதில் இருக்கட்டும். மிதவையின் ஓரத்தில் ஒரு குறியிட்டு, அது கட்டடத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று மாதம் ஒருமுறை படகு அணையும் நேரத்திலேயே அளந்து எழுதுங்கள். காற்றில்லாத காலையில், காலி மிதவையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. படகிலிருந்து இறங்கும்போது சாய்தளத்தின் கீல் கிறீச்சிட்டாலோ, ஓரத்தில் புதிதாகச் சிமெண்ட் உதிர்ந்து கிடந்தாலோ, அங்கிருக்கும் ஊழியரிடம் உடனே சொல்லுங்கள்.