மவுஸ் சாகவில்லை, தகடுதான் தொலைந்தது

"சார், ஒரு கண்ணு எரியுது, இன்னொண்ணு அவுட். அதான் நகர மாட்டேங்குது."

சன் நிறுவனத்தின் பழைய வொர்க்ஸ்டேஷன் கணினியோடு வந்த மவுஸ் ஒன்றை என் மேசையில் வைத்தபடி ஒருவர் சொன்னார். மூன்று பட்டன். அடியில் உருண்டை கிடையாது, இரண்டு சின்னக் கண்கள் மட்டும். ஒன்றில் சிவப்பு, மற்றது இருட்டு. செல்போனின் முன்பக்க கேமராவைத் திறந்து அந்த இருட்டுக் கண்ணைக் காட்டினேன். திரையில் மங்கலான ஊதா வெளிச்சம். அது அகச்சிவப்பு எல்.இ.டி, நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"இதோட வந்த தகடு எங்கே?"

அதன்மேல் டீ டம்ளர் வைக்கிறார்களாம்.

இந்த வகையில் பாதி மவுஸ் கையில் இருக்கிறது, மீதி பாதி அந்தத் தகட்டில். ஸ்டீவ் கிர்ஷ் 1982ல் தொடங்கிய மவுஸ் சிஸ்டம்ஸின் வடிவமைப்பு இது. பளபளக்கும் அலுமினியத் தகட்டில் நெருக்கமாகக் கட்டம் போட்டிருக்கும். ஒரு திசைக் கோடுகளின் மை சிவப்பு ஒளியை விழுங்கும். குறுக்குக் கோடுகளின் மை அகச்சிவப்பை விழுங்கும். ஆக, ஒவ்வொரு கண்ணும் தனக்குரிய கோடுகளை மட்டும் எண்ணும்: ஒன்று இடவலம், மற்றது மேல்கீழ். தகட்டைக் கால் வட்டம் திருப்பி வைத்தால் கணக்கு குழம்பி, கர்சர் சொன்னபடி கேட்காது. கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டிப் பார்த்தவர்களும் உண்டு. எல்லா மையும் அகச்சிவப்பை விழுங்கிவிடாது என்பதால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

உருண்டை மவுஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உருளையில் படிந்த அழுக்கு வளையத்தை நகத்தால் சுரண்டாதவர் யார்?

அதிகம் பாழாவது இன்னொரு வகை. ஹாலி, ஹனிவெல் ஆகிய பெயர்களில் வந்த மவுஸ்களைக் கவிழ்த்தால் உருண்டைக்குப் பதில் சாய்வாகப் பொருத்திய இரண்டு வட்டுகள் தெரியும். விளிம்பு மட்டும் மேசையைத் தொடும். பக்கவாட்டில் தள்ளினால் ஒரு வட்டு சுழலும், மற்றது வழுக்கும்; முன்பின் தள்ளினால் நேர்மாறு. கோணலாக இழுத்தால் இரண்டுமே கொஞ்சம் சுழன்று கொஞ்சம் வழுக்கும். 1964ல், மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட்டின் குழுவுக்காக பில் இங்கிலிஷ் செய்த முதல் மரக்கட்டை மவுஸிலும் இதே சூத்திரம்தான்: ஒன்றுக்கொன்று செங்குத்தாக நின்ற இரண்டு சக்கரங்கள், ரேடியோ வால்யூம் குமிழுக்குள் இருப்பது போன்ற பொட்டென்ஷியோமீட்டரைத் திருகின. உருண்டை தூசியை உள்ளே இழுத்துப் போகும், வட்டு போகாது. அதனால் திறந்து சுத்தம் செய்ய அடியில் மூடியே இருக்காது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்துக் கொண்டுவருகிறார்கள். ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்தாலே போதும்.

எதைச் சொருகும் முன்பும் பிளக்கில் உள்ள பின்களை எண்ணுங்கள். சாதாரண பழைய பி.சி.க்களின் பி.எஸ்/2 பிளக்குக்கு 6, சன்னுக்கு 8. தூரத்தில் இரண்டும் ஒரே வட்ட பிளக்தான்.

அடுத்த வாரம் அவர் தகட்டோடு வந்தார். கறை போகட்டும் என்று கம்பி நாரால் தேய்த்திருக்கிறார்கள். சரியான பக்கம் வைத்து நகர்த்தினால் கர்சர் அழகாக ஓடுகிறது. வலது மூலையில், டம்ளர் வட்டம் இருந்த இடத்தில் கறையும் இல்லை, கோடும் இல்லை. அங்கே மட்டும் நின்றுவிடுகிறது.