எதிர்காற்றும் மண்புழுவும்

ஆடிக் காற்று வீசும் நாளில் ஏரிக்குத் தூண்டிலோடு போகிறவர்கள் ஒதுக்கமான கரையாகப் பார்த்து உட்காருவார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மட்டும் அலை வந்து மோதும் கிழக்குக் கரைக்கே போவார். "காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில்தான் மீன் மேயும், தம்பி" என்பார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அதற்கான காரணம் நீருக்குள் இருக்கிறது.

வீசும் காற்று மேல்நீரைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அந்த நீரின் வேகம் காற்றின் வேகத்தில் ஏறக்குறைய 3 விழுக்காடு. மணிக்கு 20 கி.மீ. காற்று என்றால், மேல்நீர் ஒரு மணி நேரத்தில் சுமார் 600 மீட்டர் நகரும். பாசித் துணுக்கும் விழுந்த பூச்சியும் மிதவை உயிரிகளும் அதோடு வந்து கரையில் ஒதுங்குகின்றன. அவற்றைத் தின்னப் பொடிமீன் வருகிறது, பொடிமீனைத் தேடி விரால் வருகிறது. அலை உடையும்போது காற்றும் நீரில் கலக்கிறது. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்து நிற்கும் என்பதால், கோடையில் இது மீனுக்குப் பெரிய உதவி.

காற்றடிக்கும் திசையிலேயே நீரின் மேல் நீளநீளமாக நுரைக்கோடுகள் ஓடுவதையும் பார்க்கலாம். இர்விங் லாங்மியூர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1927இல் அட்லாண்டிக் கடலில் பாசி இப்படி வரிசை பிடித்து மிதப்பதைக் கண்டார். பிறகு லேக் ஜார்ஜ் ஏரியில் சோதித்து, அடுத்தடுத்து உருளும் நீர்ச்சுழல்கள் மிதப்பவற்றை ஒரே கோட்டில் கூட்டிவைக்கின்றன என்று 1938இல் எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்தது அடிநீரின் கதை. கரைக்கு வந்து குவியும் நீர் ஏரிக்கரையைத் தாண்ட முடியாது. அது கீழிறங்கி, தரையை ஒட்டி ஏரியின் நடுவை நோக்கித் திரும்புகிறது. தக்கையைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். தக்கை கரைப்பக்கம் தள்ளப்படும், கீழே தூண்டில் நரம்பு மட்டும் ஏரிப்பக்கம் சாய்ந்து நிற்கும். தரையில் கிடக்கும் மண்புழுவின் வாசனை அந்த அடிநீரோட்டத்தில் ஏறி உள்ளே போகிறது. மீசையிலும் உடலெங்கும் சுவை மொட்டுகள் கொண்ட கெளுத்திக்கு அது போதும். கலங்கலில் கண் தெரியாவிட்டாலும் நீரோட்டத்தை எதிர்த்து வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும்.

நெருங்கியதும் பக்கக்கோடு வேலை செய்கிறது. மீனின் விலாவில் தலையிலிருந்து வால்வரை ஓடும் இந்தக் கோட்டில் நுண்மயிர் கொண்ட உணர் செல்கள் இருக்கின்றன. தோலுக்கடியில் சிறு குழாய்க்குள் இருக்கும் செல்கள் சீராக ஓடும் நீரைப் பொருட்படுத்துவதில்லை. திடீரென எழும் துடிப்பை மட்டும் பிடிக்கின்றன. அதனால்தான் அலையின் நடுவிலும் நெளியும் புழு தனித்துத் தெரிகிறது.

ஆகவே புழு உயிரோடு இருக்க வேண்டும். புழுவை முழுக்க முள்ளில் கோத்துவிட்டால் நெளிவு போய்விடும். பெரியவர் நடுவில் ஒரு குத்துக் குத்தி, இரண்டு முனையையும் தொங்கவிடுவார். மண்புழு மூச்சுவிடுவது ஈரத் தோலால். காற்று அந்த ஈரத்தை உறிஞ்சினால் செத்துவிடும். அதற்காகவே புழு இருக்கும் கொட்டாங்குச்சியை நனைத்த துணியால் மூடிவைப்பார். ஈயக்குண்டையும் அன்று ஒன்று கூட்டிக் கட்டுவார்.

ஐந்து மணிக்குக் காற்று ஓய்ந்தது. நுரைக்கோடுகள் கலைந்தன. சற்று நேரத்தில் சாய்ந்திருந்த நரம்பு மெல்ல நிமிர்ந்து, தக்கைக்கு நேர் கீழே வந்து நின்றது.