கம்யூனிட்டி கோயலிஷன்: ஊர்க் கூட்டியக்கம்

அமெரிக்கக் கிராமங்களில் உடல் பருமனைக் குறைக்க நடக்கும் வேலையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், முதல் வரியிலேயே இடிக்கிற சொல் 'கம்யூனிட்டி கோயலிஷன்'. அகராதியைப் பார்த்துச் 'சமூகக் கூட்டணி' என்று போட்டுவிடலாம். ஆனால் தமிழ்நாட்டுப் பேச்சில் 'சமூகம்' என்றால் பாதி நேரம் சாதி. 'கூட்டணி' என்றால் தொகுதிப் பங்கீடு. சாதிச் சங்கங்கள் சேர்ந்து தேர்தலில் நிற்பதாகத்தான் படிப்பவருக்குத் தோன்றும்.

சரி, அது உண்மையில் என்ன? கென்டக்கி மாநிலத்தில் 120 கவுன்ட்டிகள், நம் மாவட்டம் மாதிரியான பிரிவுகள். ஒவ்வொன்றிலும் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க அலுவலகம் உண்டு, 1914-இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டத்தின் வழியில் வந்தவை. நம் வேளாண் விரிவாக்க மையம் மாதிரிதான். கூடவே சமையலும் சத்துணவும் சொல்லித் தருவார்கள். பெரியவர்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் உடல் பருமன் உள்ள கவுன்ட்டிகளுக்காக, நாடெங்கும் பல பல்கலைக்கழகங்களுக்கு அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2014-இல் நிதி தரத் தொடங்கியது. அந்த நிதியில்தான் இந்த வேலை. விரிவாக்க ஊழியர் போதகரையும் தலைமையாசிரியரையும் மளிகைக் கடைக்காரரையும் செவிலியரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கிறார். அதுதான் கோயலிஷன்.

ஏன் இத்தனை பேர்? காய்கறி வாங்க 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும் ஊரில், மருத்துவர் சீட்டில் 'காய்கறி சாப்பிடவும்' என்று எழுதி என்ன பயன்? பள்ளி மைதானத்தின் பூட்டைச் சாயங்காலம் திறந்துவிடத் தலைமையாசிரியர் சம்மதிக்க வேண்டும். தேவாலயத்தில் இலவச உணவுப் பொருள் கொடுக்கும் அறையில், டப்பா உணவுக்குப் பக்கத்தில் கீரை வாடாமல் இருக்க ஒரு குளிர்பெட்டி வேண்டும்.

சொல்லின் வேர் எனக்கு மிகவும் பிடித்தது. லத்தீனில் 'கோஅலெஸ்கெரே' என்றால் சேர்ந்து வளர்தல். அதற்கும் அடியில் 'அலெரே', ஊட்டி வளர்த்தல். அரசியல் பொருள் பின்னால், 18-ஆம் நூற்றாண்டில்தான் ஏறியது. 'ஒபிசிட்டி'யின் மூலமான 'ஒபேசுஸ்' தின்று கொழுத்ததைக் குறிக்கும். அதன் அடியில் இருப்பது 'எதெரே', உண்ணுதல். இரண்டும் சோற்றில் பிறந்த சொற்கள். பின்னதற்குப் 'பரு' என்ற அடியில் வந்த 'பருமன்' நமக்கு நன்றாகவே பழகிவிட்டது.

கோயலிஷனுக்குக் 'கூட்டமைப்பு' என்றால் என்ன? மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பைப் போல, அது ஒரே வகைக் குழுக்கள் சேர்வது. இங்கே சேர்பவர்கள் வேறு வேறு வகை. என் தேர்வு 'கூட்டியக்கம்'. 2015-இல் மக்கள் பிரச்சினைகளுக்காகத் தொடங்கிய மக்கள் நலக் கூட்டியக்கம், தேர்தல் என்றதும் மக்கள் நலக் கூட்டணி ஆனது நினைவிருக்கும். தமிழ்க் காது அந்த வித்தியாசத்தை அப்போதே அறிந்திருந்தது. அப்புறம், 'இயக்கம்' என்பதில் உடலை அசைப்பதும் அடங்கிவிடுகிறது. 'சமூக' என்பதற்குப் பதில் 'ஊர்'.

வாக்கியத்தில்: பருமன் குறைப்புக்கான ஊர்க் கூட்டியக்கம் சனிக்கிழமை மாலை தேவாலயக் கூடத்தில் கூடுகிறது.